செய்தி வேறு ஊருடையது, படம் எங்கள் பிள்ளைகளுடையது

தவறான செய்தி ஒன்றோடு நம் படம் வெளியாகிவிட்டால் என்ன செய்வது என்பதை எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. போலீஸ் நிலையத்துக்குப் போவதா, பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிடுவதா, வழக்கறிஞரைத் தேடுவதா, முகநூலில் பதில் எழுதுவதா, இவற்றில் எது முதலில், எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம் பணமும் தூக்கமும் போன பிறகுதான் தெரிந்தது. எங்கள் காற்பந்துக் குழுப் பையன்களுக்கு நேர்ந்தது இன்னொரு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நேர்ந்தால், அவர்களுக்காக அலைபவருக்காவது இது உதவட்டும் என்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது சுங்கை சிப்புட். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் உள்ள தோட்டப் பட்டணம். எங்கள் பெற்றோர் பால்மரம் வெட்டிய இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்களில் பல பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டன. திடல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பையன்கள் அங்கே போய்விடுகிறார்கள். எங்கள் ஊரின் பெயர் நாட்டுச் செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகத்தான். ஒன்று, 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலமும். இன்னொன்று தேர்தல். துன் சம்பந்தனும் துன் சாமிவேலுவும் நாடாளுமன்றத்துக்குப் போன தொகுதி, 2008-இல் சாமிவேலு தோற்ற தொகுதி என்று ஒவ்வொரு தேர்தலிலும் எழுதுவார்கள். இங்கே பிறந்து வளரும் சாதாரணப் பையனின் பெயர் அச்சில் வர வேண்டுமானால் விளையாட்டுப் பக்கம் ஒன்றுதான் வழி.

அந்தப் பக்கத்தில் வந்த நான்கு வரிச் செய்தியை வெட்டிக் கோப்பில் சேர்த்து வைத்திருக்கும் தாய்மார்களை எனக்குத் தெரியும். மாநில இளையோர் தேர்வுக்குப் போகும் பையன் பயிற்சியாளரிடம் காட்ட அவனிடம் வேறென்ன இருக்கிறது? தாப்பாவில் பிறந்த ராஜாமணி 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றதையும், ஆறுமுகம் கோல் காத்த மலேசியக் காற்பந்து அணி 1980-இல் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றதையும், நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போக முடியாமல் போனதையும் என் அப்பா பத்திரிகையில் படித்துத்தான் எங்களுக்குச் சொன்னார். எங்கள் பையன்களுக்கு வழி ஏற்கெனவே குறுகிவிட்டது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்திலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி குழுவும் 2022 பருவத்தோடு மலேசிய லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு நடந்தது வெறும் படக் குழப்பம் என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். ஒரு பையனைப் பற்றி ஊருக்கு வெளியே இருப்பவர் அறிந்துகொள்ளும் ஒரே ஆவணம் செய்திதான் என்றால், அந்த ஆவணம் பொய் சொல்லும்போது அவனுக்கு வேறு சாட்சி இல்லை.

இனி நடந்தது. 2024 தீபாவளி முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுவர் காற்பந்துச் சுழற்கிண்ணப் போட்டி நடத்தினோம். நான் ஏற்பாட்டுக் குழுச் செயலாளர். மழை பெய்து திடல் சேறாகிவிட்டது. ஆனாலும் இறுதியாட்டம் முடிந்தது, எங்கள் பையன்களே கிண்ணத்தை வென்றார்கள். மஞ்சள் சட்டையோடு கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து அவர்கள் நின்றதை நான்தான் படமெடுத்தேன். வழக்கம்போல் முடிவுகளையும் படத்தையும் எங்கள் வட்டாரத்துப் பகுதிநேரச் செய்தியாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதைத் தம் செய்தியாளர் குழுவில் போட்டார். அதே இரவு, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு ஊரில், ஒரு காற்பந்துத் திடலுக்கு வெளியே இரண்டு கும்பல்கள் பாராங் கத்திகளோடு மோதிக்கொண்டன. அந்தச் செய்தியும் அதே குழுவுக்கு வந்தது. மறுநாள் காலை ஓர் இணையச் செய்தித் தளத்தில் "காற்பந்துத் திடலில் குண்டர் கும்பல் மோதல்" என்ற தலைப்பின் கீழ் எங்கள் பையன்கள் கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

ரவாங்கில் இருக்கும் என் அக்கா விடியற்காலையில் கூப்பிட்டு, "தம்பி, நீ நன்றாக இருக்கிறாயா? பிள்ளைகள் யாருக்காவது வெட்டுப்பட்டதா?" என்று அழுதார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தபோது கை நடுங்கியது. முதலில் வந்தது கோபம்கூட இல்லை, வெட்கம். நான் எடுத்த படம், நான் பெயர் சொல்லி வரிசையில் நிற்க வைத்த பிள்ளைகள். அவர்களின் அம்மாக்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் தோன்றியது. கோபம் அந்தப் பதிவுக்குக் கீழே இருந்த கருத்துகளைப் படித்தபோது வந்தது. எங்கள் நடுக்கள ஆட்டக்காரன் அணிந்திருந்தது எட்டாம் எண் சட்டை. 2013 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சு சட்டவிரோதக் கும்பல்கள் என 49 பெயர்களை வெளியிட்டது. 04, 08, 36 போன்ற எண்களைப் பெயராகக் கொண்ட கும்பல்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. அதை நினைவில் வைத்திருந்த யாரோ ஒருவர், "சட்டை எண்ணைப் பாருங்கள், சந்தேகம் தீரும்" என்று எழுதியிருந்தார். அதற்கு நூற்றுக்கணக்கான விருப்பங்கள். எட்டு என்பது நடுக்களத்தில் ஆடுபவருக்கு உலகமெங்கும் கொடுக்கும் எண். இந்தியப் பையன் அணிந்தால் மட்டும் அது கும்பல் எண்ணாகிவிடுகிறது. அந்தச் சட்டையை இனி யாருக்கும் தர வேண்டாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்தக் காலைப்பொழுதில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல யோசனை, நூலகத்தில் வேலை செய்யும் ஒரு தங்கையிடமிருந்து வந்தது. "அண்ணே, அவர்களைக் கூப்பிடுவதற்கு முன்பு பதிவு செய்துவையுங்கள். கூப்பிட்டதும் அழித்துவிடுவார்கள், பிறகு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது" என்றார். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கைப்பேசியில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் இணைய முகவரி தெரியாது. ஆகவே கணினியில் திறந்து, முகவரியும் தேதியும் நேரமும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும். கருத்துகளையும், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டும். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியைக் கொடுத்தால் பக்கத்தின் நகல் ஒன்று அங்கே பதிவாகிவிடும். எல்லாத் தளங்களும் அதற்கு இடம் கொடுப்பதில்லை, முயன்று பார்க்கலாம். பிறகு அச்செடுத்து, யார், எந்தக் கருவியில், எப்போது எடுத்தார் என்று அதன் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கணினியிலிருந்து எடுத்த ஆவணத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக்குவது பற்றி 1950 சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்று ஒரு பிரிவு இருப்பதை வழக்கறிஞர் பின்னர் சொன்னார். அந்தத் தங்கை சொன்னபடி செய்து வைத்திருந்ததால் அவருக்கு வேலை பாதியாகக் குறைந்தது.

அடுத்து செய்தியாளரைக் கூப்பிட்டேன். அவர் பதறிப்போனார். படத்தைச் சேர்த்தது அவர் இல்லை, தலைமையகத்தில் யாரோ குழுவிலிருந்த படங்களில் திடலும் ஆட்களும் இருந்த ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்றார். நான் அவரை நம்பினேன். எழுதும் செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் மனிதர், மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் போட்டி முடிவுகளை ஆண்டாண்டாக எழுதியவர். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 ஜனவரி 31-ஆம் தேதியோடு நின்றபோது எங்கள் ஊரில் வருத்தப்பட்டவர்கள் பலர், ஆனால் சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிலரே. ஆசிரியர் பகுதியில் ஆள் குறைந்தால் படத்தையும் செய்தியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கண்களும் குறையும். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு கும்பல் செய்திக்கு எந்த இந்திய இளைஞர் படம் கிடைத்தாலும் பொருந்தும் என்று ஒருவருடைய கை தயங்காமல் போனதே, அதை ஆள் பற்றாக்குறை என்று சொல்லி என்னால் விட்டுவிட முடியாது.

மாலைக்குள் படத்தை எடுத்துவிட்டார்கள். வேறு படம் ஒன்றைப் போட்டார்கள், திருத்தம் என்று ஒரு சொல்கூட இல்லை. எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பலர், "அதுதான் எடுத்துவிட்டார்களே, விடுங்கள்" என்றார்கள். நான் விடவில்லை. பழைய படத்தைப் பார்த்தவர்கள் புதிய பக்கத்தைத் திரும்பப் போய்ப் பார்ப்பதில்லை. அதற்குள் அந்த ஸ்கிரீன்ஷாட் முகநூல் பக்கங்களிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் மலாய் மொழித் தலைப்போடு சுற்றத் தொடங்கிவிட்டது. ஒரு நாளிதழும் அந்தப் படத்தை எடுத்துச் சிறிதாக அச்சிட்டது. ஓசைப்படாமல் எடுப்பது அவர்களுக்குத்தான் பாதுகாப்பு, உங்களுக்கு அல்ல. "படத்தில் இருந்தவர்களுக்கும் இச்சம்பவத்துக்கும் தொடர்பில்லை" என்ற வரி எழுத்தில் வரும்வரை உங்கள் கையில் யாரிடமும் காட்ட ஒன்றும் இல்லை.

அன்றிரவு பையன்கள் என் வீட்டு வாசலில் கூடினார்கள். செய்தியாளரின் தொலைபேசி எண்ணையும் படத்தையும் முகநூலில் போட்டு நாறடிக்க வேண்டும் என்று ஒருவன், தளத்தின் அலுவலகத்துக்கு எல்லோரும் வண்டி எடுத்துப் போவோம் என்று இன்னொருவன். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் கும்பல் என்று எழுதப்பட்ட பையன்கள் கும்பலாகப் போய் நின்றால் அடுத்த நாள் செய்தி என்னவாக இருக்கும் என்று கேட்டேன். நெடுநேரம் பேசித்தான் ஒப்பவைத்தேன். அன்று நாங்கள் எடுத்த முடிவு மூன்றே மூன்று: யாரும் தனியாகப் பதில் எழுதுவதில்லை, பத்திரிகைகளிடமும் அதிகாரிகளிடமும் ஒருவர்தான் பேசுவது, எல்லாப் பேச்சையும் தேதி போட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது. பின்னர் வழக்கறிஞரிடம் போனபோது அவர் முதலில் கேட்ட கேள்வியே, "உங்கள் பக்கத்திலிருந்து யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா?" என்பதுதான். ஆத்திரத்தில் நாம் எழுதுவதும் அவதூறாகலாம், நம் வழக்கின் பலத்தை அது தின்றுவிடும் என்றார்.

மறுநாள் போலீஸ் நிலையம். புகார் செய்யக் கட்டணம் இல்லை. கடமையில் இருந்தவர் முதலில், இது பத்திரிகைக்கும் உங்களுக்கும் இடையிலான சிவில் விவகாரம், வழக்கறிஞரைப் பாருங்கள் என்றார். அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. இருந்தாலும் படத்தில் இருப்பவர்கள் யார், அன்றிரவு எங்கே இருந்தார்கள் என்பது பதிவாக வேண்டும், பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கேட்கிறேன் என்று பணிவாகச் சொன்னேன், பதிவு செய்துகொண்டார். இங்கே ஒரு சொல். முன்கூட்டியே மலாயில் ஒரு பக்கத்துக்குள் எழுதி எடுத்துப் போங்கள். எந்தத் தேதி, எந்தத் தளம், எந்தத் தலைப்பு, படம் உண்மையில் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது, அதனால் இதுவரை என்ன பாதிப்பு, அவ்வளவு போதும். உணர்ச்சியைக் கொட்டினால் எழுதுபவர் தமக்குப் புரிந்ததை எழுதிவிடுவார். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள், நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். புகார் செய்ததால் யாரும் கைதாகப் போவதில்லை. ஆனால் அந்த நகல் எங்களுக்குப் பின்னர் பல கதவுகளைத் திறந்தது.

முகநூலில் சுற்றிய பதிவுகளுக்கு வேறு வழி. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் இணையத்தில் புகார் செய்யலாம். ஆனால் முதலில் அந்தத் தளத்திடமே முறையிட்டீர்களா என்று கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு பதிவையும் முகநூலிலேயே புகார் செய்து, அதற்கு வந்த பதிலையும் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஆணையத்துக்குப் போக வேண்டும். பொதுவாக "எங்கள் படம் பரவுகிறது" என்று எழுதிப் பயனில்லை. ஒவ்வொரு பதிவின் இணைப்பும் தனித்தனியாக வேண்டும். இந்த வேலையை இரவு நேரங்களில் குழுவின் இரண்டு பையன்கள் உட்கார்ந்து செய்தார்கள். தங்களைப் பற்றி எழுதிய அசிங்கமான கருத்துகளை அவர்களே பட்டியல் போட வேண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இந்த விவகாரத்திலேயே மிகவும் வலித்த நேரம். முடிந்தால் இதைப் படத்தில் இல்லாத ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பாதிப்புகள் அந்த வாரத்திலேயே வரத் தொடங்கின. எங்கள் கோல்காவலர் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மேற்பார்வையாளர் படத்தைக் காட்டி, விசாரித்து முடியும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார், சம்பளம் இல்லை. ஆண்டுதோறும் சட்டைக்குப் பணம் தரும் கடைக்காரர், "தப்பாக நினைக்காதீர்கள், என் கடைப் பெயர் சட்டையில் இருக்கிறது, வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்" என்று ஒதுங்கிக்கொண்டார். இளையோர் போட்டிக்குத் தருவதாக இருந்த திடல் அனுமதி தள்ளிப் போனது. கூடாரத்துக்குக் கட்டியிருந்த முன்பணமும் போயிற்று. இவர்கள் யார் மீதும் எனக்குக் கசப்பு இல்லை. அவர்களுக்கும் கண்ணில் பட்டது அந்தப் படம் ஒன்றுதான்.

தொழிற்சாலைக்கு நானே அவனோடு போனேன். போலீஸ் புகாரின் நகல், போட்டிக்கு வாங்கிய திடல் அனுமதி, ஆட்ட நேரமும் கோல் விவரமும் எழுதிய நடுவர் அறிக்கை, எங்கள் குழு விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற்ற சான்றிதழ், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, மலாயில் ஒரு விளக்கக் கடிதத்தோடு மனிதவள அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் அதிகம் புரட்டியது பதிவுச் சான்றிதழைத்தான். 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற குழு என்றதும் அவருடைய குரலே மாறியது. மறுவாரம் பையன் வேலைக்குத் திரும்பினான். பத்திரிகைத் திருத்தத்துக்காகக் காத்திருக்காமல் நேரில் போய்ப் பேசியதுதான் அவன் வேலையைக் காப்பாற்றியது. உங்கள் ஊர்க் குழு இன்னும் பதிவு இல்லாமல் இயங்கினால், கோவில் திருவிழா ஆட்டம்தானே என்று எண்ணாமல் பதிவு செய்துவிடுங்கள். அந்தத் தாளின் தேவை நல்ல காலத்தில் தெரியாது.

வழக்கறிஞரைப் பார்க்க ஈப்போவுக்குப் போனேன். ஆலோசனைக்கு 100 ரிங்கிட், கோரிக்கைக் கடிதத்துக்கு 500 ரிங்கிட். வழக்கு என்று போனால் செலவு எங்கள் குழுவின் பல ஆண்டு வரவைத் தாண்டும் என்று அந்த அம்மையார் மறைக்காமல் சொன்னார். 1957 அவதூறுச் சட்டத்தில் தெரியாமல் செய்த அவதூறுக்குத் திருத்தமும் மன்னிப்பும் வெளியிட முன்வருவதற்கு வழி இருக்கிறது, உடனே மன்னிப்புக் கேட்டால் இழப்பீட்டைக் குறைக்கவும் அது உதவும், ஆகவே மன்னிப்புக் கேட்பது அவர்களுக்கும் நல்லது என்பதைக் கடிதம் உணர்த்த வேண்டும் என்றார். வழக்குத் தொடுக்கத் தீபகற்பத்தில் ஆறு ஆண்டு அவகாசம் உண்டு, அவசரப்பட வேண்டாம் என்றும் சொன்னார். பொதுவாக "இந்திய இளைஞர்கள்" என்று எழுதியிருந்தால் தனி ஒருவர் வழக்காடுவது கடினம்; இங்கே முகம் தெரிகிறது, அதுதான் உங்கள் பலம் என்று அவர் விளக்கியபோது, அத்தனை நாள் எங்களைச் சுட்ட அந்தப் படம்தான் எங்கள் பக்கத்துச் சாட்சியும் என்று முதன்முறையாகத் தெரிந்தது.

கடிதத்துக்குப் பதில் வரும் முன்பே ரயிலேறிக் கோலாலம்பூர் போய் அந்த இணையத் தளத்தின் ஆசிரியரைப் பார்த்தேன். வழக்கறிஞரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் மரியாதையாகவே பேசினார். அந்த அறையில் இருந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். செய்தியாளரிடம் வாதாடுவதை விட ஆசிரியரிடம் எழுத்தில் கேட்பதுதான் பயன் தரும் என்பதை அங்கே உணர்ந்தேன். "செய்தி தவறு" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் படம், எந்த நாள், எவ்வளவு நேரம் இருந்தது, அதற்குப் பதிலாக எந்த வாசகம் வர வேண்டும், எங்கே வர வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கேட்டவை இவை: அதே செய்தியின் தலையில் திருத்தக் குறிப்பு, அதே முகநூல் பக்கத்தில் தனிப் பதிவு, அந்தப் பதிவு சில நாள் பக்கத்தின் உச்சியில் நிற்பது, மலாயிலும் ஒரு வரி. அவர்கள் முதலில் வெளியிட்டது ஒரு வெள்ளிக்கிழமை இரவு, யாரும் பார்க்காத நேரத்தில், படம் இல்லாத நான்கு வரி. ஆத்திரம் தலைக்கேறியது. மறுபடியும் எழுதினேன், வழக்கறிஞரும் எழுதினார். பிறகுதான் முகநூலில் முறையான திருத்தம் வந்தது, மன்னிப்பும் வந்தது. அச்சில் வெளியிட்ட நாளிதழ் உள்பக்கத்தின் மூலையில் திருத்தம் போட்டது. முதலில் வந்த இடத்திலேயே வர வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை.

திருத்தம் வந்த அன்று பையன்கள் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். எட்டாம் எண் பையன் அதைப் படித்துவிட்டு, "அண்ணே, அன்றைக்கு அத்தனை ஆயிரம் பேர் பகிர்ந்தார்களே, இதை யார் பகிர்வார்கள்?" என்று கேட்டான். எங்களுக்குத் தெரிந்த ஒவ்வொருவரையும் கேட்டுப் பகிரச் செய்தோம். பழைய படத்தைப் போட்ட குடும்பக் குழுக்களில் அதே ஆட்களைக் கொண்டே திருத்தத்தைப் போட வைத்தோம். இது சங்கடமான வேலை, உறவு கெடும் என்று தயங்குவீர்கள். தயங்க வேண்டாம். பெரும்பாலோர் மனம் வருந்தித்தான் போட்டார்கள்.

கடைசியில் கணக்குப் பார்த்தபோது, கைவிட்டுப் போன ஆதரவுப் பணம் 1,500 ரிங்கிட், வழக்கறிஞருக்கு 600, கூடார முன்பணம் 400, எனக்கும் கோல்காவலருக்கும் போன நாள் சம்பளம் சுமார் 700, ரயில், அச்சு, நகல் என்று 300. மொத்தம் ஏறக்குறைய 3,500 ரிங்கிட். இழப்பீடாக எங்களுக்குக் கிடைத்தது ஒன்றும் இல்லை. வழக்கறிஞர் செலவைத் தரும்படி கேட்டோம், மறுத்துவிட்டார்கள். திருத்தம் போதும் என்று குழு முடிவெடுத்தது. நான் தனி ஆளாக இருந்திருந்தால் ஒருவேளை வழக்குக்கே போயிருப்பேன். பையன்கள் இந்தப் பேச்சையே முடிக்க விரும்பினார்கள், அவர்கள் விருப்பம்தான் பெரிது.

இப்போது படம் அனுப்பும் முறையை மாற்றியிருக்கிறோம். படத்தின் அடிப்பகுதியிலேயே போட்டியின் பெயர், திடல், தேதி, யார் யார் நிற்கிறார்கள் என்ற விவரத்தைப் பதித்துவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் கைமாறும்போது தனியாக எழுதிய குறிப்பு பிரிந்துவிடும், படத்தில் பதித்தது பிரியாது. கோப்பின் பெயரிலும் அதையே வைக்கிறோம். செய்தியாளருக்கு மின்னஞ்சலில் ஒரு பிரதி போகிறது, எது எப்போது போனது என்பதற்கு அது ஆதாரம். ஆட்டம் முடிந்ததும் நடுவர் அறிக்கையில் நேரத்தைக் குறித்துக் கையெழுத்து வாங்குகிறோம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் கேட்கிறோம்.

எங்கள் விவகாரம் நடந்தபோது ஊடகங்கள் மீது புகார் சொல்ல நீதிமன்றத்தை விட்டால் முறையான இடம் இல்லை. அதன் பிறகு நாடாளுமன்றம் மலேசிய ஊடக மன்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. பொதுமக்களின் புகாரைக் கேட்பது அந்த மன்றத்தின் பொறுப்புகளில் ஒன்று. தோட்டப் பட்டணங்களிலிருந்து போகும் புகாருக்கும் அங்கே தலைநகரத்துப் புகாருக்கு இருக்கும் மதிப்பு இருக்க வேண்டும், தமிழில் எழுதினாலும் படிக்க ஆள் இருக்க வேண்டும் என்று எங்கள் குழுவின் பெயரில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். தொழிற்சாலைக்குக் கொடுத்த மலாய் விளக்கக் கடிதம், ஆசிரியருக்குக் கொடுத்த திருத்தக் கோரிக்கை, போலீஸ் புகாருக்கு முன் எழுதிய குறிப்பு ஆகிய மூன்றையும் பெயர்களை நீக்கி வைத்திருக்கிறேன். தேவைப்படுபவர்கள் கேளுங்கள், அனுப்பித் தருகிறேன்.